கணக்கில் சேராத சத்தியம்

ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து வெள்ளி ஐம்பது சென். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் அந்தத் தொகையைத் தடித்த எழுத்தில் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் மாதவிக்குக் கடைசிப் பரீட்சை எழுத அனுமதிச் சீட்டு கிடையாது. பரீட்சை திங்கட்கிழமை.

சீதாலெட்சுமிக்கு முதல் சந்தேகம் அந்த ஐம்பது சென் மேல்தான் வந்தது. கல்லூரிக்காரர்கள் வாங்குவதெல்லாம் ஆயிரம் ஆயிரமாகத்தான். இந்த ஐம்பது சென் எங்கிருந்து முளைத்தது?

"லைப்ரரி புக்கு லேட்டா குடுத்தேம்மா. ஃபைன்," என்றாள் மாதவி.

அப்படியும் சீதாலெட்சுமிக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அவள் சுபாவம் அது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிற வேலை. கண்டெய்னருக்குள் எத்தனை பெட்டி போனது என்று கண் வைக்காவிட்டால் குறைந்ததெல்லாம் சம்பளத்தில் வந்து விடியும். போதாததற்கு, புருஷன் தங்கராஜ் உயிரோடு இருந்த காலத்தில் டை கட்டிய ஒருவன் வீட்டுக்கு வந்து, "முற்றிலும் இலவசம்" என்று சொல்லித் தண்ணீர் வடிகட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். அந்த இலவசத்துக்கு அவர்கள் மூன்று வருஷம் தவணை கட்டினார்கள். அன்றிலிருந்து யாராவது சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றால் அவள் முதலில் அவன் கையைத்தான் பார்ப்பாள். காகிதம் ஏதாவது வைத்திருக்கிறானா என்று.

விமலன் காகிதத்தோடுதான் வந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிள்ளானில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு. முப்பது வயது இருக்கும். கழுத்தில் அட்டை தொங்கியது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அறநிதி நடத்துகிற ஆள். மாதவி எழுதிப் போட்ட மனுவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"எங்க நிதி பெத்தவங்க இல்லாத பிள்ளைங்களுக்கு ஆன்டி. இல்லத்துல வளந்தவங்க, வளர்ப்பு வீட்டுல வளந்தவங்க. மாதவி கடனை முழுசா நாங்களே கட்டிருவோம்."

"ஏழாயிரத்தையும்?"

"ஆமா."

"யாரு வீட்டுக் காசு?"

"நிறைய பேரு குடுக்கறாங்க. டாக்டருங்க, கடைக்காரங்க…"

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாம் ஆன்டி."

சீதாலெட்சுமி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பழைய வடிகட்டி இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "அதை மாட்டினவனும் இதைத்தான் சொன்னான்," என்றாள்.

மாதவி அவள் பெற்ற பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டு அறையில் வாடகைக்கு இருந்த ஒருத்தி, ஏழு வயதுப் பிள்ளையைக் கையில் கொண்டுவந்து விட்டு, "ரெண்டு நாளைக்குப் பாத்துக்கங்கக்கா" என்று போனவள்தான். திரும்பவே இல்லை. சமூகநல இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விசாரித்தார்கள். கடைசியில் சீதாலெட்சுமியையே வளர்ப்புப் பாதுகாவலராகப் பதிந்து, பதினெட்டு வயதுவரை மாதாமாதம் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று போனபோது, பெற்றவள் சம்மதம் வேண்டும் என்றார்கள். காணாமல் போனவளிடம் எங்கே போய்ச் சம்மதம் வாங்குவது? அது அப்படியே நின்றுவிட்டது.

கல்லூரியில் சேரும்போது ‘தாய்’ என்ற இடத்தில் மாதவி சீதாலெட்சுமியின் பெயரை எழுதி, அவளுடைய சம்பளச் சீட்டையும் இணைத்துக் கொடுத்துவிட்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அதுதான் முட்டுக்கட்டை.

"காலேஜ் கணக்குல மாதவிக்கு அம்மா இருக்காங்க, சம்பளம் வாங்கறாங்க," என்றான் விமலன். "அம்மா இருந்தா எங்க நிதியில குடுக்க முடியாது. நீங்க அம்மா இல்லேன்னு ஒரு சத்தியப் பிரமாணம் போட்டா போதும்."

"சத்தியமா?"

"ஆமா. சத்தியம் வாங்கி முத்திரை குத்தற ஆணையர் முன்னால."

மாதவி மலாயில் இருந்த தாளை வாங்கித் தமிழில் சொன்னாள். மேற்கண்ட மாதவி என் மகள் அல்ல. அவளுக்கும் எனக்கும் தாய் மகள் உறவு கிடையாது. இது உண்மை என்று மனசாட்சிப்படி சத்தியம் செய்கிறேன்.

சீதாலெட்சுமி எழுந்து வாசற்கதவைத் திறந்து வைத்தாள். விமலன் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க ஆன்டி," என்று செருப்பை மாட்டினான்.

அவன் படி இறங்கியதும் ஆரம்பித்தது.

"வெறும் பேப்பர்லா மா!"

"பேப்பர்னா கையெழுத்து வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு சத்தியம்? பிள்ளை விஷயத்துல சத்தியம் பண்ணா அது பிள்ளை மேலதான் வந்து விழும், தெரியுமா உனக்கு?"

"இந்தக் காலத்துல போயி…"

"உன்னைப் பெத்தவ இதுக்குப் பின்னால இருக்காளா? அவளுக்கு இப்ப நல்ல இடமா அமைஞ்சு, உன்னைக் கூட்டிக்க ஆள் விட்டிருக்காளா? இல்ல உன் மூஞ்சியைப் பெருசா போட்டு ‘அநாதைப் பிள்ளை’ன்னு பேனர் கட்டப் போறானா அவன்?"

"யாரும் யாரையும் கூட்டிட்டுப் போகல!" என்று கத்தினாள் மாதவி. "மூணு வருஷம் லேப்ல நின்னு ரத்தம் ரத்தமா டெஸ்ட் பண்ணிப் படிச்சேன். அவ்வளவும் போவட்டும், உங்களுக்கென்ன? உங்களுக்குப் பயம். நான் தனியாளாயிட்டா என் சம்பளம் உங்க கைக்கு வராது. வெல்ஃபேர் காசும் நின்னு போச்சு. அதான… ஆன்டி?"

பதின்மூன்று வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டாள். சீதாலெட்சுமி அடுப்பில் இருந்த சாம்பாரை இறக்கி வைத்தாள். சத்தியம் இன்னும் வாயைவிட்டு வரவே இல்லை, அதற்குள் பலிக்க ஆரம்பித்துவிட்டதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். பிரிக்பீல்ட்ஸில் அறநிதி இருந்த கட்டடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. படிக்கட்டு நன்றாகத் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். திருட்டுக் கூட்டமாக இருந்தால் பெரிய கார் வரும், கழுத்தில் தடித்த சங்கிலி போட்டவன் இறங்குவான் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஒரு காரும் வரவில்லை. ஒரு பெண் துணி மூட்டையோடு ஏறிப் போனாள். பிறகு விமலன் கறுப்புக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்தான். ஆபீஸ் நடத்துகிறவனே குப்பை கொட்டுகிறானா? அதுவும் நடிப்பாக இருக்கலாம்.

இரண்டாவது தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது அவன் நேராக அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"ஆன்டி, காலையிலேர்ந்து என்னையே பாக்கறீங்க. வெயிலா இருக்கு. மேல வந்து பாருங்களேன்."

மேலே ஒரே அறை. இரண்டு மேசை. ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றியது. சீதாலெட்சுமி சுவரைத்தான் முதலில் பார்த்தாள். வெறும் சுவர்.

"பிள்ளைங்க படம் ஒண்ணையும் காணோம்?"

"மாட்ட மாட்டோம்."

"ஏன்? காசு குடுத்தவன் படம் கேக்க மாட்டானா?"

"கேப்பாங்க. குடுக்க மாட்டேன்." விமலன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "நானும் இல்லத்துல வளந்தவன்தான் ஆன்டி. யாரு யாருக்கோ பொறந்தநாள்னு வருவாங்க. கேக் வெட்டுவாங்க, நாங்க வரிசையா நின்னு பாடுவோம். எவ்வளவு பேரு வீட்டுப் படத்துல நான் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிறேனோ. என் பொறந்தநாள் மட்டும் எனக்கே சரியா தெரியாது."

சீதாலெட்சுமி உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான்.

"மத்த வளர்ப்பு வீட்டுக்காரங்க எல்லாம் இந்தச் சத்தியத்தைப் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"ஒண்ணும் கேக்காமயா?"

"‘எங்க கையெழுத்துப் போடணும்’னு கேட்டாங்க. அவ்வளவுதான். மாட்டேன்னு கதவைத் தொறந்து காட்டினது நீங்கதான் முதல் ஆளு." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எனக்காக அப்படி மாட்டேன்னு சொல்ல யாராச்சும் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவளுக்கு முகம் தெரியாத அந்த மனுஷர்கள் மேல் கோபமாக வந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் எப்படி வாய் வந்தது அவர்களுக்கு? பிறகு, ரயிலேறும்போதே நினைத்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"தம்பி, இந்தச் சத்தியம் பலிச்சிருச்சுன்னா?"

விமலன் சிரிக்கவில்லை. மூடநம்பிக்கை என்றும் சொல்லவில்லை. "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல ஆன்டி," என்றான்.

வடிகட்டிக்காரனிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. அது அவளுக்கு நினைவு வந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்," என்று எழுந்தாள்.

ஆனாலும் பலிக்குமா பலிக்காதா என்ற விஷயத்தை அப்படியே விட்டுவிட முடியாது. அதற்கு உரிய இடத்தில் பேச வேண்டும். போர்ட் கிள்ளானில் அவள் வேலை செய்கிற கிடங்கின் வேலியோரம், அரச மரத்தடியில், ஒரு முனீஸ்வரர் இருக்கிறார். லோரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி ஒரு சுருட்டு வைத்துவிட்டுத்தான் நெடுஞ்சாலை ஏறுவார்கள். சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"இந்தா பாருங்க. நாளைக்குப் பத்து மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ்ல, நான் ஒண்ணு சொல்லுவேன். மாதவி எம்பிள்ளை இல்லேன்னு சொல்லுவேன். அதை நீங்க கணக்குல சேக்கக் கூடாது. அப்பறமா ‘நீதானே சொன்னே’ன்னு எங்கிட்ட வரக் கூடாது. தண்டனை ஏதாச்சும் குடுத்தே ஆவணும்னா எனக்குக் குடுங்க, அவ பக்கம் போவாதீங்க. ஒத்துக்கிட்டா, வேலை முடிஞ்சதும் அம்பது எலுமிச்சம்பழத்துல மாலை, ஒரு கட்டு சுருட்டு."

முனீஸ்வரர் முழித்துப் பார்த்தபடி இருந்தார். பின்னால் கண்டெய்னர் லோரி ஒன்று போன இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்குமோ என்னவோ என்று, எல்லாவற்றையும் இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள்.

லோரிக்காரன் விஜயன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "யாரு கூடக்கா சண்டை?"

"உன் வண்டியப் பாத்து ஓட்டு!"

மறுநாள் அம்மாவும் மகளும் ஒரே ரயிலில் போனார்கள். ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்கள். மாதவியின் கண் வீங்கியிருந்தது. விமலன் ஆணையர் அலுவலக வாசலில் காத்திருந்தான். தெருவோரமாக, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. ஆணையர் ராதாகிருஷ்ணன் வயசாளி. முன்னால் முத்திரைக்கட்டைகள் வரிசையாக இருந்தன.

சீதாலெட்சுமி மாதவியின் தோளைப் பிடித்து வெளியே திருப்பினாள். "நீ உள்ள வராதே. அங்கயே நில்லு. காதைப் பொத்திக்க."

"ம்மா, இதெல்லாம்…"

"பொத்திக்கன்னா பொத்திக்க."

ஆணையர் தாளைத் தமிழில் படித்தார். சீதாலெட்சுமி வலது கையைத் தூக்கினாள். பெட்டி தூக்கித் தூக்கித் தோள் எலும்பு தேய்ந்த கை. முழுசாக மேலே வரவில்லை. மாதவி என் மகள் அல்ல என்று சொன்னாள். எதிரில் இருந்தவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னாள். பத்து வெள்ளிக் கட்டணத்தை விமலன் எடுக்கப் போனபோது அவன் கையைத் தட்டிவிட்டுத் தன் பணப்பையைத் திறந்தாள்.

ஆணையர் முத்திரைக்கட்டையை மையில் ஒற்றியபடி வெளியே பார்த்தார். அங்கே இருபது வயதுப் பெண் ஒருத்தி, நடைபாதையில் போகிறவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்க, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா அது?"

"என் மக," என்றாள் சீதாலெட்சுமி.

கட்டை அந்தரத்தில் நின்றது. "இப்பத்தானே…"

"வளர்த்த மக சார்," என்றான் விமலன் அவசரமாக. "பெத்தது இல்ல. அதைத்தான் சொல்றாங்க."

ஆணையர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே நின்றவளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்து மாதவியின் கையைப் பிடித்துக் காதிலிருந்து விலக்க வேண்டியிருந்தது.

"முடிஞ்சிச்சாம்மா?"

அந்த ‘அம்மா’வைச் சீதாலெட்சுமி உள்ளே வாங்கிக்கொண்டாள். உடனே வெளியில் காட்டிவிடவில்லை. "ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழல."

"நெசமா?"

"உங்க மேல சத்தியமா…"

"அடியே! வாயை மூடு! இன்னிக்கு நாம பண்ணின சத்தியம் போதும்!"

மாதவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா என்று ஏதோ ஆரம்பித்தாள். "ரயிலுக்கு நேரமாச்சு, நட," என்று அவளை முன்னால் தள்ளிவிட்டு நடந்தாள் சீதாலெட்சுமி.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரியில் கட்டணம் வாங்கும் முகப்பில் பணம் வந்து சேர்ந்திருந்தது. அனுமதிச் சீட்டை மாதவி வாங்கிக்கொண்டாள். ரசீதைச் சீதாலெட்சுமி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, பாக்கி என்ற இடத்தில் சைபர் இருக்கிறதா. இருந்தது.

"அந்த அம்பது சென்?"

"அதுவும் கட்டியாச்சு ஆன்டி," என்றாள் முகப்பில் இருந்த பெண்.

சாயங்காலம் வேலை முடிந்து, எலுமிச்சை மாலையையும் சுருட்டுக் கட்டையும் அரச மரத்தடிக்குக் கொண்டுபோனாள். மாதவியும் கூட வந்தாள். மாலையைப் போட்டு, சுருட்டை வைத்து, சூடம் காட்டிவிட்டு, சீதாலெட்சுமி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"என்னம்மா பாக்கறீங்க? போவலாம் வாங்க, பசிக்குது."

முனீஸ்வரர் ரசீது எதுவும் கொடுக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் குறைதான். இருந்தாலும் பேசின பேச்சுப்படி எண்ணி வைத்தாயிற்று, அவரிடமும் இனி பாக்கி இல்லை என்று திருநீற்றை எடுத்து மாதவியின் நெற்றியில் அழுத்திப் பூசினாள்.