தெரிகிற தூரம்

கஞ்சி டம்ளரை இன்பம் ஸ்டூலில் வைப்பதற்குள் ஆபேல் கண்ணாடியைக் கழற்றிப் போர்வை மேல் போட்டுவிட்டார். இரண்டு கைகளாலும் மகளின் முகத்தைப் பிடித்துத் தன் மூக்கருகே இழுத்தார்.

“தெரியலம்மா. புகையா இருக்குது.”

“கண்ணாடி போட்டாத்தான்ப்பா கிட்ட தெரியும். எத்தினி வாட்டி சொல்றது?”

அவளே மாட்டிவிட்டாள். நிமிர்வதற்குள் அவர் கை மறுபடி கண்ணாடிக்குப் போயிற்று.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஹபீப் சிரித்தார். “இன்னா ஆபேலு, தோலை மோந்து மோந்து பாத்த. இப்ப பொண்ணையுமா?”

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருவரும் ஒரே மேஜையில் தரம் பிரித்தவர்கள். ஆபேலுக்குச் சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. அப்போதெல்லாம் தூரத்துக்குத்தான் தடித்த கண்ணாடி வேண்டியிருந்தது. கிட்டத்தில் பார்க்க அதைக் கழற்றிவிடுவார். தோலை மூக்கில் ஒட்டுகிற மாதிரிப் பிடித்தால் உண்ணி கடித்த தழும்புகூடத் தப்பாது. வேதாகமமும் அப்படித்தான். தாயில்லாத இன்பத்துக்கு அவர் பேன் பார்த்துவிட்டதும் அப்படித்தான். பின்கழுத்தில் அவர் மூச்சு படும்.

இடது கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை விழுந்தபோது வேலூருக்குக் கூட்டிப்போனாள். போன வருஷம்தான். டாக்டர் பேனா மாதிரி ஒன்றைக் கண்ணில் வைத்து அளந்தார்.

“கண்ணு நீளம் ஜாஸ்தி. எல்லாருக்கும் வைக்கிற லென்ஸ் பவர் இவருக்கு ஒத்துவராது. தூரம் நல்லாத் தெரியற மாதிரி ஒரு பவர் வைக்கலாம். அப்ப கிட்டத்துக்குக் கண்ணாடி வேணும். இல்ல, பழையபடி கிட்டப்பார்வையாவே விட்டு வைக்கலாம். அப்ப தூரத்துக்குக் கண்ணாடி. ஐயாவுக்கு எது வேணும்?”

“எனக்கு கிட்ட...” என்று ஆரம்பித்தார் ஆபேல்.

“தூரமே வைங்க டாக்டர்” என்றாள் இன்பம்.

தெருவுக்கு, சர்ச்சுக்கு, கக்கூசுக்கு என்று எல்லாவற்றுக்கும் அவர் கை அவள் தோளில் இருந்தது. அவள் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் இனி லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கை இல்லாமல் ஒரு நாள் நடக்க வேண்டும் என்பதற்கு மேல் அப்போது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. ஆபேல் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“அவ சொல்றதே வைங்க சார்.”

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா வந்தபோது கோபுரத்தைக் காட்டி, காக்கா உட்கார்ந்திருக்கிறது என்றார். அதன்பின் தனியாகவே சர்ச்சுக்குப் போய்வந்தார். கேட்டது அவளுக்குக் கிடைத்தது. வேதாகமம் மட்டும் அலமாரியிலேயே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்க்க, கழற்றியே பழகியவருக்குக் கைவரவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. இப்போது நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு படுக்கையில் கிடக்கிறார்.

ஹபீப் தொழுகைக்கு எழுந்து போனார். தொடாத கஞ்சியை எடுத்துக்கொண்டு இன்பம் சமையலறைக்கு நடந்தாள்.

“இன்பம்.”

வாசற்படியில் திரும்பினாள். கண்ணாடி போர்வை மேல் கிடந்தது. அவர் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கியே நில்லு.”

“இன்னாப்பா?”

“இப்பதான் தெரியுற.”

அவள் நின்றாள்.

“எளைச்சுப் போய்ட்ட” என்றார்.

அவருக்கு மூச்சு இழுத்தது. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் அவளுக்கு இருந்தது. ஓர் அடி வைத்தாள். இன்னொன்று வைத்தபோது அவர் நெற்றி சுருங்கியது. அவள் மெல்லப் பின்வாங்கி நிலைக்கட்டையில் முதுகை ஒட்டிக்கொண்டாள். நெற்றி தளர்ந்தது. இருவரும் அப்படியே இருந்தார்கள். எங்கோ ஷாப்பில் சங்கு ஊதியது. தெருவில் சைக்கிள்கள் போயின.

கையிலிருந்த கஞ்சியில் ஆடை படிந்திருந்ததை அவள் பார்த்தபோது, அவர் கண் திறந்துதான் இருந்தது. மூச்சு இல்லை.

மறுநாள் அதே இடத்தில், கட்டிலை எடுத்துவிட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். போதகர் ஜெபத்தை முடித்தார். எதிர்வீட்டுக் கண்ணம்மாள் கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“போட்டுவுட்டுடலாமா?”

“வேணாம்க்கா.”

“சரி, கிட்ட வந்து அப்பா மூஞ்சப் பாத்துக்கம்மா. மூடப் போறாங்க.”

ஹபீப் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளைக் கைகாட்டி அழைத்தார். “வாம்மா. ஒரு தபா.”

இன்பம் சமையலறை வாசற்படியை விட்டு நகரவில்லை. நடுவில் நின்றவர்களை மட்டும் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னாள்.