பற்றரி மூடி

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு றேடியோவில் வரும் குடும்ப நாடகத்தை வாப்பா அச்சிமுகம்மது ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்றும் றேடியோவை முன்மண்டபத்து மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். மாப்பிள்ளையின் தகப்பன் ஹஸனும் நாடகப் பைத்தியம்தான். கல்யாணத் திகதியை நாடகம் முடியப் பேசலாம் என்று இருவரும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் உம்மாவோடு நின்ற கல்யாணப்பெண் நதீரா முதல் வசனத்திலேயே இடுக்கில் கண்ணை வைத்தாள். அது அவள் எழுதிய வசனம்.

இரண்டரை மாதத்துக்கு முன் வாப்பா மாவடிப்பள்ளி வயலுக்குப் போயிருந்த நாளில் றேடியோ பாதிப் பாட்டில் நின்றுபோயிற்று. வாப்பாவைத் தவிர வேறு யாரும் தொடாத பின்மூடியை அவள் கழற்றினாள். பற்றரிகளுக்கு மேல் நாலாக மடித்த ஒரு கடிதம். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கடிதம் எதுவும் வரவில்லை என்று அவளிடம் சொன்னவர் வாப்பாதான். ஒளித்தவர் ஏன் அதைக் கிழித்தெறியவில்லை என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாசித்துவிட்டு இருந்தபடியே வைத்து மூடினாள். கேட்கப் பயம், கேட்காமல் இருக்க வயிற்றெரிச்சல். அதைச் சிரிப்பு நாடகமாக எழுதி, முழுப் பெயரும் ஊரும் போட்டுக் கொழும்பு றேடியோ நிலையத்துக்கு அனுப்பினாள். கல்முனைக்குடிப் பெட்டை ஒருத்தி எழுதியதை யார் எடுக்கப் போகிறார்கள் என்ற துணிச்சல்தான். இன்று எண்ணினால், கலாசாலையில் சேர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நாடகத் தகப்பன் மகளை அதட்டினார். வாப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். நாடகத்து மகள் பேச்சுக்குப் பேச்சு திருப்பிக் கொடுத்தாள்.

"முந்தி இந்த நாடகத்துல பொஞ்சாதி இருமுறதுக்கும் புருஷன்ட்டக் கேப்பா," என்றார் ஹஸன். "இப்ப குமருப்புள்ள தகப்பனுக்கு நேர நிண்டு கதைக்கிது."

"நாடகத்துல கதைக்கட்டும் காக்கா. நம்மட ஊட்டுல கதைக்காது," என்றார் வாப்பா.

பிறகு நாடகத் தகப்பன் மகளுக்கு வந்த கடிதத்தை ஒளித்தார். றேடியோவின் பின்மூடிக்குள். ஹஸன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாப்பாவின் சிரிப்பு மட்டும் பாதியில் அறுந்தது. அவர் திரும்பித் திரைச்சீலையைப் பார்த்தார். இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த நதீரா சட்டென்று முகத்தை விலக்கிக்கொண்டாள்.

உம்மா அவள் காதருகே குனிந்தாள். "நீ அதக் கண்டுட்டியா மகள்?"

அப்படியென்றால் உம்மாவுக்கும் தெரியும். இத்தனை நாளும் தெரிந்துகொண்டே சோறு போட்டிருக்கிறாள். வாப்பா செய்ததைவிட அதுதான் நதீராவைச் சுட்டது.

நாடகம் முடிய, றேடியோவின் சத்தம் தேயத் தொடங்கியது.

"பற்றரி போயிட்டு போல," என்று ஹஸன் றேடியோவைத் தன் பக்கம் இழுத்தார். "மூடியக் கழட்டுங்க, பற்றரிய ஒருக்கா உருட்டி விட்டாச் சத்தம் வரும். எழுதின ஆள்ர பேரக் கேக்கணும்." பிறகு கண்ணைச் சிமிட்டினார். "உங்கட றேடியோக்குள்ளயும் ஒரு கடிதம் இரிக்கா பாப்பம்."

வாப்பா இரண்டு கைகளாலும் பின்மூடியைப் பொத்திப் பிடித்தார். விளையாட்டென்று நினைத்து ஹஸன் சிரித்துக்கொண்டே இழுத்தார். பெயரை வரவிடாமல் றேடியோவை நிறுத்தலாம், ஆனால் திருகி முன்பக்கம் இருந்தது. அதைத் தொட வாப்பா ஒரு கையையாவது எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை.

"இன்றைய நாடகத்தை எழுதியவர்," என்றது தேய்ந்த குரல், "கல்முனைக்குடியைச் சேர்ந்த..."

மூடியின் மேல் வாப்பாவின் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நதீராவின் கை திரைச்சீலையை விலக்க அதன் ஓரத்தைப் பிடித்திருந்தது.