கட்டில் அறைக்கு வெளியே ஒரு புலி

1

ஒரு ஜோடி சிவப்புக் காலுறையால் வந்த வினை இந்தக் கதை. உள்ளொளி, கற்பனை என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மேல்மாடிக் கொடியில், போர்வை மடிப்புக்குள் ஒளித்துக் காயப்போட்டிருந்தது. ஒளித்துக் காயப்போடும் துணி எதுவானாலும் நான் எட்டிப் பார்த்துவிடுவேன். என் புத்தி அப்படி.

கீழ்வீட்டு பீஹுவா அக்காவின் காலுறை. அதில் என்ன தப்பு என்கிறீர்களா? இங்கே சீனத்துச் சுவான்சோவில் அவரவர் பிறந்த விலங்கின் ஆண்டு பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அந்த வருடம் முழுக்க உடம்பில் சிவப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது வந்து சேரும். அக்கா எருது. எருது ஆண்டு வந்தபோது ஊர் பார்க்கச் சிவப்பு போட்டாள். நான் எட்டிப் பார்த்தது மறுவருடம், புலி ஆண்டில். அப்போது எதற்குச் சிவப்பு, அதுவும் ஒளித்து?

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"பீஹுவா எருது ஆண்டுக்காரி. அதனால் பொறுமைசாலி. குடித்துவிட்டுக் கதவை உடைக்க வந்த கொழுந்தனின் எதிரே, வாணலி மூடியோடு வாசலில் அசையாமல் நின்று…"

(நிறுத்திவிட்டேன். வாணலி மூடியோடு நிற்பதற்குப் பெயர் பொறுமையா?)

இரண்டாவது:

"பீஹுவா புலி. பயம் அறியாதவள். கொழுந்தனின் எதிரே, வாணலி மூடியோடு…"

அதே வாணலி, அதே மூடி, அதே கொழுந்தன். ஒரு விலங்கை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தேன், மற்றதெல்லாம் தானாகப் பொருந்திக்கொண்டது. பீஹுவா மேல் இருந்த சந்தேகம் அன்றைக்குப் பன்னிரண்டு விலங்குகள் மேலும் விழுந்தது. எலி சாமர்த்தியம், முயல் சாது, சேவல் பகட்டு என்கிறார்கள். என் வீட்டுக்காரர் சேவல். துவைக்கச் சொல்லிக் கெஞ்சினாலும் அதே சட்டையைத்தான் போடுவார்.*

* குரங்கு ஆண்டில் பிறந்தவர்கள் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பார்களாம். நான் குரங்கு. இது மட்டும் எப்படிப் பொருந்தியது என்று தெரியவில்லை.

3

புலியாக இருந்தால்தான் என்ன? அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், புலிப் பெண்ணை எடுக்க வீட்டுக்கு வீடு பயந்தார்கள். புருஷனை விழுங்கிவிடுவாளாம். (அவள் புருஷன் இன்றைக்கும் தெருமுனையில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கிறார்.) அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. புதுமணத் தம்பதியின் அறைக்குள் புலி காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் அந்த ஜோடிக்கு ஆகாது.

அடுத்த ஆண்டு முயல். அவளுடைய ஒரே மகன் வெய்ச்செங்குக்குக் கல்யாணம் நிச்சயமானது.

4

கல்யாணத்துக்கு முன் மணமக்கள் அறையில் கட்டில் போடும் நாள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய் விரிப்பை விரிக்க வேண்டும், மேலே நிலக்கடலையும் காய்ந்த இலந்தையும் தூவ வேண்டும். பெண்ணின் அம்மா ஜின்யு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே போனால் மகனுக்கு ஆகாது என்பதை பீஹுவா மனதார நம்பினாள், இல்லாவிட்டால் ஒளித்துக் காலுறை போடுவாளா? போகாமல் நின்றாலோ குட்டு உடைந்துவிடும்.

படியில் கால் பிசகிவிட்டது என்று சொல்லி அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். விரிப்பை வேறொரு சுமங்கலி விரித்தாள். ஜின்யு அடுப்படிக்கே வந்து நலம் விசாரித்தாள், கண் மட்டும் கணுக்காலை விட்டு நகரவில்லை. வீக்கம் இருந்தால்தானே? பிறகு என்னைப் பால்கனிக்கு இழுத்துப்போனாள்.

"உங்க சிநேகிதி நெசமாவே எருதுதானா? எம் பொண்ண இந்த வீட்டுல விடப்போறேன். மறைக்காம சொல்லுங்க."

"எருதுதான். அந்தப் பிடிவாதத்தப் பாத்தா தெரியல?" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆனால் கல்யாணம் நடந்தது. மறுமாதமே பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று சியாமென் போய்விட்டார்கள், கட்டிலையும் பிரித்து எடுத்துப்போனார்கள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) பீஹுவா உள்ளே போகிறாள். மகனுக்குச் சளி பிடித்தாலும் என்னால்தான் என்று சாகும்வரை மருகுகிறாள்.

ஆ) எல்லோர் முன்னாலும் "நான் புலி" என்கிறாள். ஜின்யு தன் மகளின் கையைப் பிடித்து…

இதற்குள் பீஹுவா அக்காவே கடலைக் கஞ்சியோடு மேலே வந்துவிட்டாள். மேசையைப் பார்த்தாள். தன்னைப் பற்றித்தானே என்றாள். படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன், கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: எருது ஆண்டு முடிந்து, புலிப் புத்தாண்டு கழிந்துதான் பிறந்தாளாம், முந்தியே பிறந்ததாகச் சொல்லி அப்பா கட்டிக்கொடுத்தாராம். என்னிடம்தான் முதல்முறை சொல்கிறாள்.

"பேர மாத்திடு. எருதுன்னே போடு, எம் மகன் படிப்பான்" என்றாள். (பெயரை மாற்றிவிட்டேன்.)

கதவுவரை போனவள் நின்றாள்.

"இல்ல தங்கச்சி, புலின்னே போடு. கதையிலயாச்சும் என்ன உள்ள விடு. அந்த விரிப்ப ஒருதடவ என் கையால விரிச்சிட்டு வந்துடறேன்."

6

எழுத உட்கார்ந்தேன். அவளை வாசல்வரை கொண்டுவந்தேன், வலது காலைத் தூக்கவும் வைத்தேன். அவ்வளவுதான், கை ஓடவில்லை. வெய்ச்செங் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அவனைப் பள்ளிக்கூடப் பையனாகப் பார்த்தவள் நான். இந்த ஊர்த் தண்ணீரை இத்தனை வருடம் குடித்துவிட்டேன். பன்னிரண்டு விலங்குகளையும் சந்தேகப்பட்டவளுக்கு, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் மட்டும் சந்தேகமில்லாமல் வந்தது.

உங்களுக்குச் செவ்வாய் பயமாக இருக்கலாம், மூலம் பயமாக இருக்கலாம். ஆனால் புலி உங்களை ஒன்றும் செய்யாது. ஜின்யு பால்கனியில்தான் இருக்கிறாள், நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விரிப்பு அக்கா கையில் இருக்கிறது.

நீங்கள் அவளை உள்ளே கூட்டிப்போங்கள்.