கட்டு மாற்றப் போகாத வியாழன்கள்

தரச்சான்றுக்கான ஆய்வு நெருங்கியதும் டாக்டர் பெட்ராக்கிஸ் நோரீனைக் கூப்பிட்டார். கோதுமை வயல்களுக்கு நடுவிலிருந்த அந்தச் சிற்றூர் கிளினிக்கில் அவர் ஒருவர்தான் டாக்டர். நோரீன் ஒருத்திதான் நர்ஸ்.

"ஆய்வு முடியறவரைக்கும் வீட்டுக்குப் போய்ப் பாக்கறதை நிறுத்தி வை, நோரீன். தடுப்பூசி ஃபிரிட்ஜ், கருவிகளைச் சுத்தம் பண்றது, எல்லாம் உன் தலைலதான். சான்று போச்சுன்னா அரசாங்க உதவியும் போச்சு. அப்புறம் நர்ஸ் வச்சுக்க எனக்கு வழியில்ல."

"க்ளெம் கால் புண்ணு இன்னும் ஆறலையே, டாக்டர்?"

"போன்ல கேட்டுக்கோ."

க்ளெம் ஹாடோ ஊருக்கு வெளியே ஆட்டுப் பண்ணையில் தனியாக இருந்தார். சர்க்கரை நோய். கண் மங்கியதால் கார் ஓட்டுவதை விட்டிருந்தார். வியாழன்தோறும் நோரீன்தான் போய்க் கட்டு மாற்றுவாள்.

"நல்லாத்தாம்மா இருக்கேன்," என்று போனில் சிரித்தார். "நீ உன் ஆய்வுப் பரீட்சைக்குப் படி. நீ பெயிலாயிட்டா எனக்கு யாரு ஊசி குத்துவா?"

அடுத்த வியாழனும் அதே பதில்தான். சர்க்கரை முற்றிய காலில் வலி தெரியாது என்பது நோரீனுக்குத் தெரியும். இருந்தும் போனை வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

ஆய்வுக்கு வந்தவர்களில் ஒருத்தி நர்ஸ். "இவ்வளவு நேர்த்தியா வச்சிருக்கீங்களே," என்று நோரீனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர்கள் போனதும் டாக்டர் கேக் வாங்கி வரச் சொன்னார். கேக் வருமுன்பே நோரீன் காரை எடுத்துவிட்டாள்.

க்ளெம்மின் வீட்டு வாசலிலேயே அழுகிய வாடை அடித்தது. அவர் நாற்காலியில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். கட்டைப் பிரித்தாள். பாதம் கறுத்திருந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவள் பார்க்கப் போனபோது முதலில் அவர் கேட்டது, "பாஸா?"

"பாஸ்."

"அப்புறம் ஏன் அழற? நல்லா இருக்கேன்னு நான்தானே சொன்னேன்?"

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும், க்ளெம். தெரிஞ்சும் வரல."

அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பண்ணைக்கு அவர் திரும்பவில்லை. ஆடுகளை விற்றார்கள். குளிர்காலம் முடியுமுன் மற்றக் காலிலும் புண் வந்து, அதிலேயே போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து வரும் வழியில் நோரீன் டாக்டரிடம் சொன்னாள்: "இனிமே எந்த ஆய்வு வந்தாலும் வியாழக்கிழமை நான் கிளினிக்ல இருக்கமாட்டேன்."

"போக வேண்டாம்னு சொன்னது நான்தானே," என்றார் டாக்டர், பாதையைப் பார்த்தபடி.

நோரீன் மறுக்கவில்லை.