பத்து விநாடி நினைவஞ்சலி

ஜெயக்குமாருக்கு அந்த ஆட்டம்தான் உயிர். திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் லாரி ஓட்ட வேண்டும். குறுக்கே வரும் ஆடுகளை இடிக்கக் கூடாது. அதை அவன் கம்ப்யூட்டரில் எழுத, ஆடுகளையும் சவுக்குத்தோப்பையும் வரைந்து கொடுத்தவள் அடுத்த வீட்டுப் பிரபா. கடைசி ஆட்டை வரைந்து முடித்த மாசமே மஞ்சள்காமாலை வந்து செத்துப்போனாள்.

அவள் அப்பா தனகோடி அச்சரப்பாக்கத்தில் வேர்க்கடலை வியாபாரி. மீதி வேலையை முடிக்கப் புதுக் கம்ப்யூட்டரே வாங்கிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. ஆட்டம் தொடங்கும்போது, தெருமுனை போஸ்டரில் போடுவதுபோல மகள் முகமும் தோற்றம், மறைவு தேதிகளும் பத்து விநாடி நிற்க வேண்டும். யாரும் அவளைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. ஜெயக்குமார் சத்தியம் செய்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஆட்டத்தைத் திறக்க வேண்டியிருந்தது. முதல் வாரம் அவள் முகம் வரும்போதெல்லாம் அழுதான். இரண்டாம் மாசம், சீக்கிரம் போய்த் தொலையேன் என்று திட்டினான். ஆட்டத்தைச் சிடியாகப் போட்டு விற்க ஒத்துக்கொண்ட சென்னைக்காரரும் கறாராகச் சொல்லிவிட்டார்: ஆடுகிறவன் கை வைத்ததும் முகப்புப் படம் விலகி வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிடி கிடையாது. அவர் சொன்னது நியாயம்தான். எந்தக் கீயைத் தொட்டாலும் பிரபா மறைகிற மாதிரி மாற்றினான். அதைத் தனகோடியிடம் சொல்லத்தான் அந்த வீரனுக்கு வாய் வரவில்லை.

முதல் வருஷத் தெவசத்தன்று கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைத்து உறவுக்காரர்களைச் சுற்றி உட்கார வைத்தார்கள். முகம் வந்தது. பிரபாவின் அம்மா முனியம்மா கதம்ப மாலையை எடுத்துத் திரைக்குச் சாத்தினாள். கனத்த மாலை, நுனி கீபோர்டில் விழுந்தது. பெண் போய்விட்டாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"இன்னாடா இது? யாராலயும் தள்ள முடியாதுன்னியே?" என்றார் தனகோடி.

உண்மையைச் சொன்னால் கம்ப்யூட்டரைத் தனகோடி திருப்பி வாங்கிக்கொள்வார், சிடி அன்றோடு சரி. ஜெயக்குமார் முனியம்மாவைப் பார்க்காமல் சொன்னான்: "எம்மேல தப்பு இல்ல மாமா. அத்த கை வச்சாங்க, அதான் கெட்டுப்போச்சி. தள்ளி உக்காரச் சொல்லுங்க."

முனியம்மா சுவரோரமாய்ப் போய் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் மறுபடி போட்டான். பிரபா பத்து விநாடியும் நின்றாள். அவனே எதிர்பார்க்காத அளவுக்கு நல்ல சாட்சி அது.

"ஆசுபத்திரில ஒன் கையால கஞ்சி குடிச்சிதான் அது போச்சி," என்றார் தனகோடி, அத்தனை பேர் முன்னாலும். "ஒன் கை பட்டா எதுவும் தங்காதுடி."

ஜெயக்குமாருக்கு அப்பாடா என்று இருந்தது.

பொங்கலுக்கு சிடி வந்தது. சுவரில் மாட்டிய பிரபா படத்துக்குப் பூப்போட முனியம்மா இப்போது அவனைத்தான் கூப்பிடுகிறாள்.

"நீ போடுப்பா. ஒன் கைக்குத்தான் அவ நிக்கிறா."

அவனும் போய்ப் போட்டுவிட்டு வருகிறான்.