வாளியும் நான்கு டயர்களும்

டயரை முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் இந்தப் பூமியில் மொத்தம் நான்கு பேர் இருக்கலாம். மற்ற மூவரைத் தம்பி இன்னும் சந்திக்கவில்லை.

இதை அவன் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, டீ ஆறிப்போவதைப் பொருட்படுத்தாமல், யாரும் கேட்காமலேயே அறிவித்தான். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் வந்த தண்ணீருக்கும் இந்த அறிவிப்புக்கும் சம்பந்தமில்லை.

"அப்ப நீயே பாத்து வாங்கிடு," என்றாள்.

தம்பி ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். அவனை நம்பி ஒன்றை ஒப்படைப்பது அந்த வீட்டில் அபூர்வமான நிகழ்வு. வேலை போய், இரண்டு பைகளோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவன் கருத்துகளை மட்டுமே வழங்கி வந்தான். தண்ணீர்த் தொட்டி தவறான மூலையில் இருக்கிறது என்றான். ஜன்னல் தவறான திசையைப் பார்க்கிறது என்றான். குக்கர் மூன்று விசிலுக்குப் பிறகு செய்வதெல்லாம் வெட்டி வேலை என்றான். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், தொட்டி அதே மூலையில் இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் மாமா, அக்காவின் கணவர், போனில் அவனை "என்ன விஞ்ஞானி" என்று கூப்பிடுவார். அதில் மரியாதை இருக்கிறது என்று நம்ப அவன் தினமும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக ஒரு முழு வேலை, தொடக்கமும் முடிவும் உள்ள வேலை, அவன் கைக்கு வந்திருக்கிறது.

டயர் மாற்ற வேண்டியது தவளைக்கு. குண்டுச் சக்கரங்கள் நான்கும், பைக் மாதிரி கைப்பிடியும், பின்னால் ஒரு இரும்புக் கேரியரும் உள்ள, கல்லிலும் சேற்றிலும் ஏறக்கூடிய ஏடிவி வண்டி அது. உட்கார்ந்திருக்கும்போதே குதிக்கப் போவது போலத் தெரிவதால் அக்கா வைத்த பெயர். அக்கா வளர்ப்பது தேனீ. வீட்டுக்குப் பின்னால் தேன்பெட்டிகள் வரிசையாக இருந்தன, அவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் தாய் பெரியம்மா. அதிலிருந்து பிரிந்து வந்தது சித்தி. காரணமில்லாமல் எல்லோரையும் கொட்டுவது சம்பந்தி. மேட்டில் பூ விரிந்துவிட்டது. கீழே ஒன்றும் மிச்சமில்லை. பெட்டிகளை மேலே கொண்டுபோகாவிட்டால் இந்த வருஷம் தேன் கிடையாது. அடுத்த வருஷம் தேனீயும் இருக்குமா என்பது சந்தேகம். மேட்டுக்கு ஏறும் வழியைப் பாதை என்று சொன்னால் பாதைகளுக்குக் கோபம் வரும். மழை அறுத்த பள்ளங்கள், உருண்டு வந்த கற்கள், நடுவே வழுக்கும் களிமண். தவளையின் டயர்களோ மொட்டையடித்து வெகுநாளாகியிருந்தது.

டயர்க் கடையில் தம்பி முதலில் நுழைந்தான். முதல் நாள் முழுக்கப் போனில் படித்த நாற்பது டயர் விமர்சனங்களும் அவனுக்குப் பின்னால் படைபோல வந்தன.

"வண்டில என்ன ஏத்துவீங்க?" என்று டயர்க்காரர் கேட்டார்.

"தேன்பெட்டிண்ணே," என்றாள் அக்கா.

"ஏறுற எடத்தப் பத்திக் கேளுங்கண்ணே. ஏத்துற சாமானப் பத்தி எதுக்கு?" என்றான் தம்பி.

டயர்க்காரர் இரண்டு வகையைக் காட்டினார். ஒன்று மண்ணைக் கவ்வ விரல் நீளத்துக்கு ரப்பர்ப் பட்டன் வைத்தது, பக்கச் சுவர் தடித்தது. பார்த்தாலே நாலு பேரை அடித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது. இன்னொன்று சின்னப் பட்டன், மெல்லிய சுவர், அழுத்தினால் அமுங்கும் சாது. அந்தச் சாது டயர் போட்ட வேறொருவரின் வண்டி சர்வீஸுக்காக முற்றத்தில் நின்றது. அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அண்ணே, ஒரு வாளி கெடைக்குமா?"

விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து, டயர்க்காரர் சம்மதத்தோடு வாளியை அந்த வண்டியின் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டி, கடைக்குப் பின்னால் உடைந்த செங்கல் கொட்டிக் கிடந்த இடத்தில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினாள். இறங்கி வந்து, வாளிக்குள் விரலை விட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள். இரண்டு விரற்கடை.

தம்பி இதற்காகவே பிறந்தவன் போலச் சிரித்தான். "அக்கா, வாளிய வெச்சு டயர் வாங்குறவ உலகத்துலயே நீ ஒருத்திதான். நாளைக்குச் சொம்ப வெச்சுக் கார் வாங்குவியா?"

"போகும்போது பெட்டிக்குள்ள என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியாதுடா. எவ்வளவு குலுங்குதுன்னு வாளி சொல்லும்."

"வாளி பேசுதாம்ணே! டாக்டர்கிட்ட காட்டலாமா?"

டயர்க்காரர் வியாபாரி. இரண்டு பக்கமும் சிரித்து வைத்தார்.

ஆனால் தம்பி வெறும் வாய்ச்சொல் வீரன் என்று சொல்லிவிட முடியாது. அவன் கடை வாசலில் நின்ற தவளையின் பழைய டயரைச் சுட்டிக்காட்டினான். பக்கச் சுவரில் கல் கிழித்த கீறல் உள்ளங்கை நீளத்துக்கு ஓடியிருந்தது. "இதுவும் உன் சாது டயர் மாதிரிதான், மெல்லிசு. பாதி மேட்டுல பஞ்சரானா யாரு தள்ளுவா? மாமா கப்பல்லேர்ந்து எறங்கி வருவாரா?"

அக்கா அந்தக் கீறலை வெகுநேரம் தடவிப் பார்த்தாள். அவன் சொன்னதில் தவறில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடம்.

"சரி. தடிச்சதையே போடு. ஆனா நீதான் பொறுப்பு," என்றுவிட்டு மளிகை வாங்கப் போனாள்.

பொறுப்பு என்ற சொல் தம்பியின் காதில் நாதஸ்வரமாக ஒலித்தது. நான்கு டயர்களும் மாட்டப்படுவதை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தான். டயர்க்காரர் காற்றடித்து முடித்து, "தம்பி, இதுக்குக் காத்து இவ்வளவுதான், இதுக்கு மேல..." என்று தொடங்கினார். "தெரியும்ணே," என்றான் தம்பி. அவன் வாழ்க்கையில் அதிகம் புழங்கிய சொல் அது. டயர்க்காரர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். அமுங்கியது. இன்னொன்றை அழுத்தினான். அதுவும் அமுங்கியது. புது டயரில் காற்றுக்குக்கூடவா கஞ்சத்தனம்! மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கையில் சிறு பகுதியை இழந்தவனாக, தன் பைக்குக்கு அடிக்கும் அதே முப்பது பவுண்டு காற்றை நான்கு டயரிலும் ஏற்றினான். தவளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. வீடு வரும்வரை குலுக்கியது என்னவோ உண்மை. அதை அவன் வலிமையின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டான்.

மாலை, தேனீக்கள் எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, அக்கா பெட்டிகளின் வாசல்களை வலைவைத்து அடைத்தாள். முதலில் சம்பந்தியைக் கொண்டுபோகலாம், அது கெட்டுப்போனாலும் பாதகமில்லை என்றாள். தம்பி கேட்கவில்லை. "பெரியம்மாதான் முதல்ல போகணும். மூத்தவங்களுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல." பெரியம்மாவை இரண்டு பேரும் தூக்கிக் கேரியரில் வைத்துக் கட்டினார்கள். அக்கா நடந்து பின்னால் வந்தாள்.

புது டயர்கள் ஏறின. அதை மறுக்க முடியாது. களிமண்ணைக் கவ்விப் பிடித்து, பள்ளத்தில் இறங்கி, கல்லை மிதித்து ஏறின. ஒவ்வொரு கல்லிலும் தம்பி இருக்கையை விட்டு எழும்பி மறுபடி உட்கார்ந்தான். "பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினான். அக்கா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தாள். மேட்டை அடைந்து, சாதித்த முகத்தோடு திரும்பினான். அக்கா கேரியரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் கீழ் விளிம்பிலிருந்து ஏதோ கனமாக, நிதானமாகச் சொட்டியது. தேன்.

அக்கா மூடியைத் திறந்தாள். இரண்டு தேனடைகள் மரச்சட்டத்திலிருந்து கழன்று அடியில் விழுந்து நசுங்கிக் கிடந்தன. புது மெழுகு, தேன் நிறைந்த கனம், குலுக்கல் தாங்கவில்லை. தேனில் மூழ்கிய தேனீக்கள் இறக்கை ஒட்டிப்போய் மெல்ல அசைந்தன. ராணித் தேனீயைத் தேடினாள்; அது போனால் கூடே போயிற்று. வெளிச்சம் குறைந்துவிட்டது. ஒரு சட்டம், இன்னொரு சட்டம். பிறகு மூடியை மெதுவாக வைத்து, அவனோடு சேர்ந்து பெட்டியைத் தரையில் இறக்கி, வாசலில் அடைத்த வலையை எடுத்தாள்.

"ராணி இருக்கா?"

"தெரியல."

அவன் திட்டுக்காகக் காத்திருந்தான். இரண்டு திட்டு விழுந்திருந்தால் பதிலுக்கு விமர்சனங்களை எடுத்து வீசியிருப்பான். நாக்கு நுனியில் நாற்பதும் தயாராக இருந்தன. அவளோ கையில் ஒட்டியிருந்த தேனைப் புல்லில் துடைத்தாள்.

"மிச்சத்தக் காலைல நானே கையில தூக்கிட்டு வந்துடறேன். நீ போய்ச் சாப்பிடுடா."

தொட்டி, ஜன்னல், குக்கர் பற்றி அவன் பேசும்போதெல்லாம் அவள் சரி என்று சொல்லும் அதே குரல். அவன் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

விடியும்போது தம்பி வீட்டு வாசலில் நின்ற தவளையின் முன் குந்தி உட்கார்ந்திருந்தான். டயரின் பக்கச் சுவரில் சேறு காய்ந்திருந்தது. வேறு வேலை இல்லாததால் அதைச் சுரண்டினான். அடியில் எழுத்துகள் வந்தன. நாற்பது விமர்சனங்களைப் படித்தவன் டயரைப் படிக்கவில்லை. காற்று ஐந்து பவுண்டு என்று அந்த டயரே, யாரும் கேட்காமல், முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

சுற்றிலும் பார்த்துக்கொண்டான். வால்வை நகத்தால் அழுத்தினான். ஒரு பெரிய வாதத்தில் தோற்றுக்கொண்டிருப்பவரின் பெருமூச்சு போல வெகுநேரம் காற்று வெளியேறியது. நான்கு பெருமூச்சுகள். கட்டைவிரலால் அழுத்தினான். முதல் நாள் பங்கில் அமுங்கியதுபோல அமுங்கியது.

அடுத்ததாக என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அதைச் செய்யாமல் இருக்க ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே குளியலறைக்குப் போனான். நீல வாளி இருந்தது. சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து பிடித்தான். விளிம்பு நிறையத் தண்ணீரோடு, மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, கேரியரில் வைத்துக் கட்டினான்.

மேட்டு வழியில் முதல் தடவை பாதி வாளி போயிற்று. ஆனால் அது டயரின் தவறில்லை; அவன் கற்களைப் பழிவாங்குவதுபோல ஓட்டினான். இறங்கி வந்து மறுபடி நிரப்பினான். இந்த முறை கல்லுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, சக்கரம் அதன்மேல் அமர்ந்து, தயங்கி, இறங்கும்வரை பொறுத்தான். பின்னால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் சத்தம் கேட்டது. வாழ்நாளில் அவன் இவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. பள்ளம் வந்தால் மூச்சைப் பிடித்தான். களிமண் வந்தால் விட்டான்.

மேட்டில் நிறுத்தி இன்ஜினை அணைத்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பெரியம்மா நேற்று வைத்த இடத்தில் இருந்தாள். வாசலில் ஒன்றிரண்டு தேனீக்கள் வந்து நின்று, புது இடத்தைப் பார்ப்பதுபோல அங்குமிங்கும் திரும்பின. உள்ளே ராணி இருக்கிறாளா என்று அவற்றின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான், புதிதாக இருந்தது.

கீழே பாதையின் முதல் திருப்பத்தில் அக்கா தெரிந்தாள். சித்தியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஒரு கல்லருகே நின்று, பெட்டியைப் பூப்போல இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கவா, மேலே நிற்கும் வண்டியையும் அதன்மேலிருக்கும் நீல வாளியையும் பார்த்தா என்று இந்தத் தூரத்தில் சொல்ல முடியாது. நிமிர்ந்து நின்றாள். பெட்டியை மறுபடி தூக்கவில்லை.

தம்பி வாளிக்குள் விரலை விட்டான். மூன்று விரற்கடை குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் காற்றை விட்டால் இரண்டுக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்து வால்வின் பக்கம் குனியப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். பெரியம்மாவின் வாசலிலிருந்து கிளம்பிய ஒரு தேனீ வாளியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. வண்டியைத் தொட்டால் தளும்பும். அவன் தொடாமல் நின்றான்.