காப்புக் கட்டிய கை

மோகனராஜுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். கண்டி மார்க்கெட்டில் மரக்கறி மூட்டை தூக்குகிற கை அது. போன வருஷம் ஒரு பஸ் கண்டக்டரின் பல்லைத் தட்டிவிட்டு மூன்று நாள் உள்ளே இருந்தான். அப்பேர்ப்பட்டவன் எட்டு நாளாய் யார் மேலும் கை வைக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. காரணம், வலது மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு.

காப்பு அது. ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாளைக் காலையில் தீ மிதிக்கப் போகிறான். மனைவி சுகிர்தாவுக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இது மூன்றாவது, எட்டு மாசம். இந்தப் பிள்ளையைக் கையில் கொடு தாயே என்று நேர்ந்துகொண்டு கட்டின காப்பு. கறி கிடையாது, மீன் கிடையாது, சாராயம் ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது. தவறினால் பிள்ளைக்கு ஆகாது என்று சுகிர்தா நம்பினாள். அவளை விட அதிகமாக இவன் நம்பினான்.

அப்படியென்றால் இவனுக்கு பாரில் என்னையா வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழகர் கூப்பிட்டான், போனான். ஒரே தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவன், நாளை ராத்திரி கட்டாருக்கு பிளேன் ஏறுகிறான், திரும்பி வர இரண்டு வருஷமாகும். "ஆறரை பஸ்ஸுக்கு ஒன்னய ஏத்திவிட்டுர்றேன் மச்சான். நீ லெமனேட் குடி, நான் குடிக்கிறதப் பாத்துக்கிட்டு இரு" என்றான்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, மாடியில் இருந்தது பார். ஐந்து மணிக்கு ஹேப்பி அவர் தொடங்கிவிட்டது, ஒன்று வாங்கினால் இன்னொன்று சும்மா. அழகர் வொட்கா சொன்னான், மிளகாய் போட்டுப் பிரட்டின டெவல் கோழி சொன்னான், இவனுக்குக் கடலையும் லெமனேட்டும் சொன்னான். கோழி வாசத்துக்கு வயிறு கூப்பாடு போட்டது. மோகனராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு லெமனேட்டை ஒரே மூச்சில் குடித்தான்.

"லேசாக் கசக்குதுடா" என்றான்.

அழகர் சிரித்தான். பாவி, அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"எனக்கு ரெண்டு கிளாஸ் வரணும்ல? ஒண்ணுதான இருக்கு. மத்தது எங்கன்னு நெனைக்கிற?" என்று இவன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "வொட்காவுக்கு வாசம் இல்ல மச்சான். சாமிக்கே தெரியாது."

மோகனராஜ் ஜென்மத்தில் வொட்கா குடித்ததில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாராயம். அந்தக் கசப்பு எலுமிச்சங்கொட்டையின் கசப்பா வேறு எதன் கசப்பா என்று அவன் யோசிக்கவில்லை. சுகிர்தாவின் வயிறுதான் கண்ணுக்குள் வந்தது. முதல் அடி அழகரின் வாயில் விழுந்தது.

கதிரையோடு மல்லாந்தான் அழகர். மோகனராஜ் மேசையைத் தள்ளிவிட்டு அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். கோழித் தட்டை எடுத்து மூஞ்சியில் அறைந்தான், கொதிக்கிற மிளகாய்க் குழம்பு கண்ணில் இறங்கியது. அழகர் அலறினான். அலற அலற அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் பக்கத்து மேசைக்கே கேட்டது.

"சும்மா சொன்னேன்டா... டேய், சும்மாடா..."

எதுவும் இவன் காதில் ஏறவில்லை. கையில் அகப்பட்ட கிளாஸை அவன் நெற்றியில் உடைத்தான், உடைந்த விளிம்பு இடது கண்ணைக் கிழித்துக்கொண்டு போனது. அழகர் திருப்பி அடிக்கவேயில்லை. குருடன் மாதிரித் துழாவி இவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். இவன் உதறினான். நாலு பேர் சேர்ந்து இழுத்துச் சுவரோடு அமுக்கியபோதும் கால் உதைத்துக்கொண்டுதான் இருந்தது.

வெயிட்டர் சுதேஷ் கவுண்டரிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணே, அவரு ஒண்ணும் ஊத்தல. மொதலாவது முடிஞ்சாத்தான் சும்மா குடுக்குற ரெண்டாவதக் குடுப்போம், ஐஸ் கரைஞ்சிரும்னு. இந்தா இருக்கு பாருங்க. ஒங்களுக்குக் குடுத்தது வெறும் லெமனேட்டு."

கிளாஸ் நிறைய இருந்தது. யாரும் வாய் வைக்கவில்லை.

மோகனராஜ் அதைப் பார்த்தான். கீழே கிடந்தவனைப் பார்த்தான். நாளைக்குப் பிளேன் ஏற வேண்டியவனின் கண்ணிலிருந்து இரத்தம் காதுக்குள் ஓடியது. தாயே, அது வொட்காவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று மனசார வேண்டினான். வொட்காவாக இருந்திருந்தால் பாவத்தில் பாதி அழகருக்காவது போயிருக்கும். இப்போது மொத்தமும் இவனுடையது. சுகிர்தாவிடம் எந்த முகத்தோடு போவது?

பிடித்திருந்தவர்கள் கையைத் தளர்த்தினார்கள். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மோகனராஜ் முழங்காலில் தவழ்ந்து அழகரிடம் போனான்.

அழகர் மூடியிருந்த கையைத் திறந்தான். உள்ளே அறுந்த காப்பு கிடந்தது, மஞ்சள் எது சிவப்பு எது என்று தெரியாமல்.

"பிள்ளைக்குக் கட்டினதுடா" என்றான், உடைந்த பல்லுக்குள்ளால். "அறுந்தத யாருக்கும் சொல்ல மாட்டேன். நானே முடிச்சுப் போட்டுர்றேன். கைய நீட்டு."

மோகனராஜால் அந்தக் கையை நீட்ட முடியவில்லை.